இரண்டு குமிழ்கள்

சென்ற கார்த்திகைத் திருவிழாவுக்குச் சில நாட்களுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு விபத்து நடக்கவிருந்தது, தெய்வாதீனமாக நடக்கவில்லை.

என் தாயாருக்கு வயது 85. திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து அடுப்பில் பால் வைப்பவர் அவர்தான். அன்று விடியற்காலையில் பால் பொங்கியதும் இடது பக்கத்து அடுப்பை அணைப்பதற்காகக் குமிழைத் திருகினார். திருகியது வலது பக்கத்துக் குமிழை! ஜ்வாலை அணையாததைக் கண்டு இடது குமிழையும் திருகி அணைத்துவிட்டு, பால் செம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். வலது அடுப்பிலிருந்து எரிவாயு கசிந்துகொண்டே இருந்தது. நாற்றம் கூடத்துக்கு வந்த பிறகுதான் நான் ஓடிப்போய் மூடினேன். ஜன்னல்களைத் திறந்தேன். அத்துடன் என் வாயையும் திறந்தேன். "இந்த வயதில் உனக்கு அடுப்படியில் என்ன வேலை? இனிமேல் அந்தப் பக்கமே வரவேண்டாம்!" என்று கத்தினேன்.

அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் வழக்கம்போல் நாலு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு.

தேருக்கு என் மைத்துனர் பெங்களூரிலிருந்து வந்தார். விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அம்மாவின் மறதியைப்பற்றி அவரிடம் நான் பிரலாபித்தபோது, அவர் அம்மாவிடம் போகவில்லை. நேரே அடுப்பிடம் போனார்.

"மாமா, இரண்டு குமிழும் ஒரே மாதிரி இருக்கின்றனவே?" என்றார்.

"ஒரே அடுப்பின் குமிழ்கள் வேறு எப்படி இருக்கும்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, திடீரென்று சக்கரங்களை மடக்கிக்கொண்டு வயிற்றால் உட்கார்ந்துவிடுமாம். விமானிகளின் அஜாக்கிரதை என்றே எல்லோரும் சொன்னார்கள். அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற மனோதத்துவ அறிஞர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் விசையும், இறக்கையின் மடலை மடக்கும் விசையும் ஒரே உருவத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் நுனியில் சிறு சக்கரம் போன்ற உருவத்தையும், மற்றொன்றில் இறக்கை போன்ற உருவத்தையும் பொருத்தச் செய்தார். இருட்டிலும் விரலுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. இன்றும் விமானங்களில் சக்கர நெம்புகோலின் நுனி சக்கர வடிவமாகத்தான் இருக்கிறது.

"அதெல்லாம் யுத்த காலத்துச் சமாசாரம்" என்றேன். மைத்துனரின் முகம் மாறிற்று.

1990-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, நல்ல பகல் வெளிச்சத்தில், பெங்களூரில் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் ஒரு கோல்ப் மைதானத்தில் விழுந்தது. ஏ-320 என்ற அப்போதைய புது ரகம் அது. விமானத்தில் இருந்த 146 பேரில் 92 பேர் மாண்டார்கள். அந்த விமானத்தில் உயரத்தைக் குறிக்கும் குமிழும், இறங்கும் வேகத்தைக் குறிக்கும் குமிழும் அடுத்தடுத்து இருக்கின்றன. நிமிஷத்துக்கு 700 அடி இறங்கு என்று ஒரு குமிழில் சொல்ல நினைத்து, 700 அடி உயரத்துக்குப் போ என்று மற்றொரு குமிழில் சொல்லிவிட்டிருக்கலாம் என்பது விசாரணையில் எழுந்த ஊகம். பெங்களூரோ கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 2,900 அடி மேலே இருக்கிறது. 700 அடி என்றால் பூமிக்குள்ளே! எஞ்சின்கள் சக்தியைக் குறைத்துக்கொண்டன. விமானம் வேகம் இழந்து தாழ்ந்தது.

அது மட்டுமா? பழைய ரக விமானங்கள் பலவற்றில் யந்திரம் தானாகவே எஞ்சின் சக்தியைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் விமானியின் கைக்கு அடியில் இருக்கும் நெம்புகோலும் நகரும். இந்த ரகத்தில் அது அசையாமல் நிற்கும். கைக்கு ஒன்றும் தெரியாது; கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். இறங்கும் சமயத்தில் கண்ணுக்கு எத்தனை வேலை! விமானிகள் நெம்புகோலை முழுக்கத் தள்ளியபோது காலம் கடந்துவிட்டது. ஆபத்தை உணர்ந்து உடனே அப்படிச் செய்யாததே காரணம் என்று விசாரணை அவர்கள்மீது குற்றம் சொல்லிற்று. அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து, 1992-ல் பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் அருகே இதே ரக விமானம் மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். இறங்கும் கோணத்துக்கும் இறங்கும் வேகத்துக்கும் ஒரே சிறு கண்ணாடியில் இரண்டே இலக்கங்கள் தெரிந்ததால் ஒன்றை மற்றொன்றாக எண்ணியிருக்கலாம் என்றார்கள். அதன் பிறகு வேகத்தை நாலு இலக்கங்களில் காட்டும்படி மாற்றினார்கள். மனிதனை மாற்றுவதைவிட இலக்கத்தை மாற்றுவது எளிதாக இருந்தது போலும்!

ஏழாம் நாள் தேர். மாட வீதியில் உறவினர் வீட்டு மாடியில் அம்மாவும் நின்றார். பெரிய தேர் மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் வடம் பிடிக்கிறார்கள். பாதிப்பேருக்குத் தேர் கண்ணிலேயே படாது. ஆனாலும் தேர் நின்றால் வடம் கையில் கனக்கிறது, நகர்ந்தால் இளகுகிறது. கீழே முட்டுக்கட்டை போடுகிறவர் அத்தனை கூச்சலிலும் சக்கரத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு கட்டையைச் செருகி எடுத்தார். கோபுரம் போன்ற தேர் அவர் சொன்னபடி திரும்பிற்று. மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவின் கைகளைப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றியிருந்தன.

அன்றிரவே வலது பக்கத்துக் குமிழின் மேல், நெருப்புக்கு எட்டாதபடி, கெட்டி நூலை நாலு சுற்றுச் சுற்றி முடி போட்டேன். மறுநாள் நாலு மணிக்குத் திண்ணைக்குப் போய், "அம்மா, காப்பி போடுகிறாயா?" என்று கேட்டேன்.

அம்மா எழுந்து வந்தார். விளக்கைக்கூடப் போடாமல் குமிழைத் தடவிப் பார்த்தார். நூலை விரல்களால் இரண்டு தரம் நெருடினார்.

"இதைத் திட்டுவதற்கு முன்னாலேயே செய்திருக்கலாமேடா" என்றார்.