பாலைவனத்தில் ஒரு புக்ககம்

"கீரிப்பிள்ளையை எடை போடவா இத்தனை தூரம் போகிறாய்? நம் கொல்லையிலேயே இரண்டு ஓடுகிறதேடி!" என்றாள் அம்மா.

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமலேயே, 2017 ஜூன் மாதம், ரசப் பொடியும் கம்பளிச் சட்டையுமாகத் தென்னாப்பிரிக்காவுக்கு விமானம் ஏறினேன்.

ஜோஹானஸ்பர்க்கிலிருந்து ஒரு பகல் முழுவதும் காரில் போனால் கலஹாரி. செம்மணல் மேடுகள், முள் மரங்கள், வறண்டு கிடக்கும் குருமன் ஆறு. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டிம் கிளட்டன்-பிராக் 1993-ல் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது. மீர்கட் என்று பெயர், கீரி இனம். முக்கால் கிலோகூட இராது. பயிற்சிக்கு வருகிறவர்கள் ஓராண்டு தங்கி, அவற்றின் குடும்ப விவகாரங்களை அன்றாடம் குறித்து வைக்க வேண்டும். பிறர் வீட்டை எட்டிப் பார்ப்பதையே படிப்பாக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அங்கே ஜூலைதான் மார்கழி. அதுவும் நம் மார்கழியா? இரவில் வாளியில் வைத்த தண்ணீர் விடியும்போது கண்ணாடியாகக் கிடக்கும். அந்தக் குளிரில் பொழுது விடியுமுன் வளை வாசலில் போய் நிற்க வேண்டும். அவை ஒவ்வொன்றாக வெளியே வந்து, கிழக்கு நோக்கி நிமிர்ந்து நின்று வெயில் காயும். அப்போது வெந்த முட்டைத் துணுக்கைக் காட்டித் தராசில் ஏற்றுவோம்.

முட்டை! எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்தப் பேச்சே கிடையாது. எனக்கோ வந்ததும் கிடைத்த வேலை முட்டை வேகவைப்பது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுப்பருகே நின்றேன். மூன்றாம் வாரத்தில் முட்டை உரிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயர் வாங்கிவிட்டேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மனிதர்களோடு பழகுவதுதான் கஷ்டமாயிருந்தது. கூட இருந்தவர்கள் பல தேசத்துப் பிள்ளைகள், நல்லவர்கள். ஆனால் அவர்கள் சிரிக்கும்போது நான் எதற்கென்று தெரியாமல் சிரித்தேன். இரவில் போர்வைக்குள் அழுதேன்.

பகலில் மீர்கட் குடும்பம் துணை. அங்கே ராஜ்யம் ஒரு பெண்ணுடையது. பிள்ளை பெறுவது பெரும்பாலும் அவள் ஒருத்தி, வளர்ப்பது எல்லோரும். குட்டிக்குக் காவலிருப்பவர் அன்று பகல் முழுவதும் பட்டினி. தேள் பிடிக்கப் பாடம்கூட உண்டு. சின்னக் குட்டிக்குச் செத்த தேள், சற்று வளர்ந்தால் கொடுக்கைக் கடித்தெறிந்த தேள், பிறகுதான் உயிருள்ள முழுத் தேள். இது பாடந்தான் என்று 2006-ல் இங்கேயே ஆராய்ந்து நிரூபித்தார்கள். எனக்கு அம்மா கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. முதலில் வெண்டைக்காய், சேனைக்கிழங்கு ரொம்ப நாள் கழித்துத்தான்.

கோடையில் அந்தத் தலைவி கர்ப்பமானாள். உடனே தன் இளைய பெண்களில் ஒருத்தியைக் கடித்து விரட்டத் தொடங்கினாள். தனக்குப் போட்டியாக இன்னொருத்தி குட்டி போட்டுவிடக் கூடாதே என்றுதான் இந்த விரட்டல். விரட்டப்பட்டவள் குடும்பத்தைச் சற்றுத் தள்ளியே பின்தொடர்வாள். கிட்டே வந்தால் அடி. பருந்து வருகிறதா என்று பார்க்க யாருமில்லாமல், குனிந்து மண் பறிக்கவும் பயந்தாள். ஒவ்வொரு தடவையும் தராசு குறைத்தே காட்டிற்று. என் பையில் முட்டை இருந்தது. ஆனால் எடை போடுவதற்கு மேல் ஒரு துணுக்கும் கொடுக்கக் கூடாதென்பது விதி. கொடுத்தால் அத்தனை வருஷக் கணக்கும் பொய்யாகிவிடும். விதி நியாயமானதுதான். அன்று அது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

தொலைபேசியில் அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். அதன் பிறகு ஞாயிறுதோறும் அவள் முதற் கேள்வி, "அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்களோ?" என்பதுதான்.

தலைவிக்குக் குட்டிகள் பிறந்த சில நாளில், ஒரு காலை, வளை வாசலில் அவளைக் கண்டேன். மற்றவர்கள் இரை தேடப் போயிருக்க, குட்டிகளுக்குக் காவல் அவள்! விரட்டியவளின் குட்டிகளுக்குத் தன் பாலையே கொடுத்தாள். திரும்பி வருகிறவர்கள் இப்படிப் பாலூட்டுவது உண்டென்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். குடும்பத்தில் இருக்க அவர்கள் செலுத்தும் வாடகையாம்.

"வாடகையாவது!" என்றாள் அம்மா கோபமாக. பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "போகட்டும். காவலிருக்கிறவளுக்கு அன்று சாப்பாடு கிடையாது என்றாயே, ராத்திரியாவது ஏதாவது தின்றாளா?" என்று கேட்டாள்.