மீற்றர் சொன்ன கணக்கும் கொப்பி சொன்ன கணக்கும்

வீட்டில நாங்கள் ரெண்டு பேர். ரெண்டு பேருமே கலைப்பிரிவு. அப்பா வேகன் ஆர் ஒன்றில் ஹயர் ஓடுகிறவர். அந்தக் காரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கட பஸ் காசும் கொப்பிக் காசும் அதிலிருந்துதான் வருகிறது.

2022 அதை மாற்றிப் போட்டது. அந்த வருசம் ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. காசிருந்தாலும் செற்றில் எண்ணெய் இல்லை. பிறகு கியூஆர் வந்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அப்பா வீட்டுக் கணக்கை ரூபாயில் போடுவதை விட்டுவிட்டு லீற்றரில் போடத் தொடங்கினார். 20 லீற்றருக்கு ஏறத்தாழ 340 கிலோமீற்றர் ஓடும். ஹயரும் அதுக்குள்ள, அம்மம்மாவின்ர கிளினிக்கும் அதுக்குள்ள.

அந்த நேரம்தான் ஸ்ராண்டில ஆரோ சொல்லியிருக்கினம்: காரின்ர கொம்பியூட்டரை மாத்தி எழுதினா எண்ணெய் மிச்சம் எண்டு. ரீமேப் எண்டு பேர். 25 வீதம் மிச்சம், செலவு 30,000 ரூபா. அம்மா சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தா. ஒருத்தர் ஸ்ரியரிங்குக்குக் கீழே வயரைச் செருகி, லப்டொப்பில் ஒரு மணித்தியாலம் தட்டினார். அவ்வளவுதான். அடுத்த நாள் டாஷ்போர்ட் திரையில் லீற்றருக்கு 17 என்று இருந்த எண் 22 ஆகியிருந்தது.

அப்பாவை அப்படிச் சந்தோசமாய் நாங்கள் கனகாலம் கண்டதில்லை. ஸ்ராண்டில எல்லாருக்கும் சொன்னார். அவரின்ர கதையைக் கேட்டு இன்னும் ரெண்டு பேர் போய்ச் செய்தார்கள்.

எங்களுக்குச் சந்தேகம் வந்தது விஞ்ஞானத்தால் இல்லை, வெள்ளிக்கிழமையால். முந்தியும் வெள்ளிக்கிழமைதான் எண்ணெய் விளக்குப் பத்தும். இப்பவும் வெள்ளிக்கிழமைதான் பத்தியது. 22 ஓடினால் கிழமைக்கு 100 கிலோமீற்றர் கூட ஓடியிருக்க வேணும். அந்த 100 எங்கே?

ஒரு கொப்பி எடுத்தோம். விளக்குப் பத்தினதும் 20 லீற்றர் அடித்து, ஓடின தூரத்தைக் குறிப்பது. திரும்ப விளக்குப் பத்தும்போது இன்னொரு முறை குறிப்பது. நாலு கிழமை: 344, 351, 339, 348. 80 லீற்றருக்கு 1382 கிலோமீற்றர். லீற்றருக்கு 17.3. திரை மட்டும் 22 என்றே நின்றது.

அதுக்குப் பிறகுதான் தேடி வாசித்தோம். அந்தக் காலத்துக் கார்களில் பெற்றோலைக் கூட்டிக் குறைக்கக் காபரேற்றரில் ஒரு திருகாணி. இன்றைக்கு அந்த வேலையை ஈசியூ என்கிற சின்னப் பெட்டி செய்கிறது. அதுக்குள்ள அட்டவணைகள் இருக்கின்றன: இந்த வேகத்தில், இந்தப் பாரத்தில் எவ்வளவு பெற்றோல் விடுவது, பிளக்கில் எப்போது பொறி தட்டுவது என்று. ரீமேப் என்பது அந்த எண்களை மாற்றி எழுதுவது. ஆனால் சாதாரண ஓட்டத்தில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறைக் கணக்கில் நிற்கும்படி புகைக்குழாயில் உள்ள ஒக்சிசன் சென்சர் திருத்திக்கொண்டே இருக்கும். அட்டவணையில் குறைத்து எழுதினாலும் அது திரும்ப இழுத்துக் கொண்டுவரும். டேர்போ உள்ள இயந்திரங்களில் மாற்றுவதற்கு இடம் கூட. 660 சிசி சின்ன இயந்திரம் ஏற்கெனவே சிக்கனத்துக்கென்றே செய்யப்பட்டது. அதில் பிழிய மிச்சம் பெரிதாய் இல்லை.

அப்ப 22 எங்கிருந்து வந்தது? திரை தாங்கியைப் பார்த்து எண் சொல்வதில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து அந்தப் பெட்டியே போடும் கணக்கு அது. பெட்டிக்குள் இருக்கும் எண்ணை மாற்றினால், திரையில் வரும் விடையும் மாறும். கணக்கை மாற்றினவரே சாட்சியையும் மாற்றிவிட்டார்.

பொறி தட்டும் நேரத்தையும் முன்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள் போல. நாலு பேரை ஏற்றி ஏசியும் போட்டால் இயந்திரத்துக்குள் கல்லுத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். 92 ஒக்டேன் அதைத் தாங்கவில்லை. அப்படியே ஓடினால் பிஸ்டனுக்குக் கூடாது என்று கராஜ்காரர் சொன்னார்.

2015 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன் பிடிபட்ட கதையையும் அப்போதுதான் வாசித்தோம். டீசல் கார்களின் மென்பொருள், பரிசோதனை நடப்பதை அடையாளம் கண்டு அந்த நேரம் மட்டும் புகையைச் சுத்தமாய்க் காட்டியது. உலகம் முழுக்க ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் கார்கள். அதை வெளியே கொண்டுவர உதவியது மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அவர்கள் பெட்டியைக் கேட்கவில்லை. புகைக்குழாயில் கருவியைப் பூட்டி, றோட்டில் ஓடி அளந்தார்கள். எங்கட கொப்பிக்கும் அதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் யோசனை ஒன்றுதான்.

கஷ்டமான பகுதி அப்பாவுக்குச் சொல்வது. ரெண்டு கிழமை ஒருத்தர் தலையில் ஒருத்தர் போட்டுக்கொண்டு திரிந்தோம். கடைசியில் ஒன்றும் பேசாமல் கொப்பியை அவருக்கு முன்னால் வைத்தோம். நெடுநேரம் பார்த்தார். பிறகு அப்பப்பாவின்ர கதையைச் சொன்னார். தொண்ணூறுகளில் தடை இருந்த காலம் அப்பப்பா தன்ர ஏ 40 காரை மண்ணெண்ணெயில் ஓட்டினவர். சின்னப் போத்திலில் இருந்து காபரேற்றருக்குக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவாராம்.

"புகைஞ்சது, நாறினது, கண் எரிஞ்சது. ஆனா எது எங்க போகுது எண்டு கண்ணால கண்டம். இதுக்குள்ள என்ன செய்தவங்கள் எண்டு ஆருக்குத் தெரியும்?"

ரெண்டு நாள் அலைந்து பழைய கணக்கைத் திரும்பப் போடுவித்தார். முப்பதாயிரம் திரும்பி வரவில்லை. அதை விட அவருக்குப் பாரமாய் இருந்தது, தன்ர சொல்லை நம்பிப் போன அந்த ரெண்டு பேரும்தான். அடுத்த நாள் காலமை எங்கட கொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஸ்ராண்டுக்குப் போனார்.

கொப்பி திரும்பி வரேக்க, பின்பக்கத்தில் வேறு ரெண்டு காரின்ர கணக்கும் எழுதியிருந்தது.