தில்லை மரத்தைத் தேடி

சிதம்பரம் செல்லும் அன்பர்கள் பலர், கூத்தப்பெருமானைத் தரிசித்ததும் அடுத்த தலத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அவ்வூருக்குத் தில்லை என்று பெயர் தந்த தலவிருட்சத்தை அவர்கள் காண்பதில்லை. கோயிலைச் சூழ்ந்திருந்த தில்லைவனம் இன்று இல்லை. அம்மரத்தைக் காணக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிச்சாவரம் செல்ல வேண்டும். மார்கழித் திருவாதிரை தரிசனம் முடிந்த மறுநாள் நானும் என் மனைவியும் சென்றோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட உப்பங்கழியில் படகு நுழைந்தது. இருமருங்கும் கண்டலும் அலையாத்தியும், அவற்றினூடே தில்லை. "கிளையை ஒடிச்சிடாதீங்க ஐயா, பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்" என்று படகோட்டி எச்சரித்தார். அந்தப் பாலே, பக்குவம் அறிந்த வைத்தியர் கையில் ஆறாத புண்ணுக்கு மருந்தானது என்பர். இத்தகைய வனத்தில்தான், வண்டு தீண்டாத மலர் பறிக்க வியாக்கிரபாதர் புலிக்கால் வேண்டிப் பெற்றார்.

இக்காடும் அழிவைக் கண்டதே. முன்பு மரங்களை அடியோடு வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்தது. புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்றியதால், உப்பு மிகுந்து நிலம் பொட்டலாயிற்று. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் இணைந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். ஓதம் ஏறி இறங்கி உப்பைக் கழுவியது. நட்ட அலையாத்திக் கன்றுகள் வேரூன்றின.

கரையோரம் உமரி சிவந்து படர்ந்திருந்தது. கடலோர மக்கள் கீரையாகச் சமைக்கும் செடி அது. ஒரு ஹெக்டேர் உவர்நிலத்தில் உமரியை வளர்த்தால், நான்கே மாதத்தில் 504 கிலோ உப்பை மண்ணிலிருந்து நீக்கலாம் என்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டுள்ளனர்.

அதைக் கண்டு தலைகுனிந்தேன். வங்கிப் பணியில் இருந்தபோது, கடலோர விவசாயிகள் கடன் கேட்டு வந்தால் நிலத்தைப் பார்வையிட்டு, 'உவர் நிலம், பயனற்றது' என எழுதித் திருப்பியிருக்கிறேன். அங்கும் இதே உமரி படர்ந்திருந்தது. களை என்றே எண்ணினேன். மண்ணின் நஞ்சைத் தன்னுள் ஏற்கும் செடியை, நீலகண்டனை நாள்தோறும் வணங்கிய நான் அறிந்துகொள்ளவில்லை.

அடுத்தமுறை தில்லை செல்லும் அன்பர்கள், அரைநாள் ஒதுக்கிப் பிச்சாவரமும் சென்று வாருங்கள். தலவிருட்சத்தைத் தொடாமல், தொலைவில் நின்றே வணங்குங்கள்.

திருச்சிற்றம்பலம்.