திரை கருப்பானா ஃபார்மட் வேண்டாம்

கொச்சி மட்டாஞ்சேரியில எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு, பத்தாம் கிளாஸ். லினக்ஸ் ஓடுற லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தா.
அப்டேட் முடிஞ்சதும் திரை கருப்பு. மூலையில ஒரு கோடு மட்டும் மினுக்குது.
"எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடலாம்"னு கடையில சொல்லிட்டாங்களாம்.
உள்ள அவ ப்ராஜெக்ட் மொத்தமும் இருக்கு. கண்ணு கலங்கி நிக்குறா.

அழிக்கவே வேண்டாம்மா.

பூட் ஆகுறப்போ எஸ்கேப் ஒரு தட்டு. க்ரப்ங்கிற பூட் மெனு வரும்.
முதல் வரியில நின்னு 'இ' அழுத்தணும்.
லினக்ஸ்னு தொடங்குற வரியோட கடைசியில, இடம் விட்டு, நோமோட்செட்னு ஒரே சொல்லா அடிச்சு எஃப்10.

திரை வந்துடுச்சு!

கிராஃபிக்ஸ் டிரைவர் அப்டேட்ல வந்த புது கெர்னலோட ஒத்துப்போகல, அவ்வளவுதான்.
நோமோட்செட் அந்த ஒரு பூட்டுக்குத்தான். உள்ள போய் சரியான டிரைவரைப் போட்டாதான் நிரந்தரத் தீர்வு.

கேரளப் பள்ளிக்கூடங்களுக்கு கைட் அமைப்பு உபுண்டுவை வச்சு தனியா ஒரு லினக்ஸே தொகுத்துத் தருது. 2018லேர்ந்து பள்ளிகள்ல 'லிட்டில் கைட்ஸ்'ங்கிற ஐடி கிளப் பிள்ளைங்க இருக்காங்க. இவ்வளவு நல்ல வேலை நடக்குற ஊர்ல, ரிப்பேருக்குப் போனா ஃபார்மட்டுங்கிறது நியாயமே இல்ல.

கொச்சியில லினக்ஸ் தெரிஞ்ச ரிப்பேர் கடை இருந்தா சொல்லுங்களேன்?