சூடு தணிந்த கணிப்பொறி

கணிப்பொறி என்றவுடன் நம் மனக்கண் முன் வந்து நிற்பவை திரையும் விசைப்பலகையுமே. அதன் வயிற்றுக்குள் ஓர் அடுப்பும் எரிந்துகொண்டிருக்கின்றது, நண்பர்களே! அந்த அடுப்பின் சூட்டைத் தணித்த கதையைத்தான் இங்கே எழுதப் புகுகின்றேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்தியே. அப்பா லாரி ரேடியேட்டர் பழுதுபார்ப்பவர். அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, ஒரு ஸ்டுடியோவில் திருமண ஆல்பம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டாள். சீட்டுப் பணத்தை எடுத்து, 22,000 ரூபாய்க்குப் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி, வீட்டிலிருந்தே அவ்வேலையைச் செய்து வருகின்றாள். என் தேர்வுக் கட்டணமும், பதிவேட்டுச் செலவும், செய்முறை வகுப்பு வெள்ளை அங்கியும் அந்தப் பெட்டியிலிருந்து வந்தவையே.

2025 ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது அப்பெட்டி மக்கர் செய்யத் தொடங்கியது. ஆல்பத்தைத் திறந்து கால் மணி நேரம் ஆவதற்குள் விசிறி ஓலமிடும். மணமகளின் முகத்தில் பச்சைக் கோடுகள் ஓடும். பின்னர் திரை இருண்டுவிடும். கையிலோ வைகாசி முகூர்த்தத்துக்கான மூன்று ஆல்பங்கள். மூன்றுக்கும் முன்பணம் வாங்கியாயிற்று. வாங்கிய பணம் செலவும் ஆயிற்று.

பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்தார். பெட்டியைத் திறக்காமலே, "கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சுங்க. புதுசு போடோணும். 9,500 ஆகுமுங்க" என்றார். விடைத்தாளைப் பிரிக்காமலே மதிப்பெண் போட்டதுபோல் இருந்தது எனக்கு. அக்கா ஒன்றும் பேசவில்லை. காதிலிருந்த தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்றிரவு, வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை ஏற்றிப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 58 டிகிரி. ஆல்பத்தைத் திறந்த பத்து நிமிடத்தில் 94. இத்தகைய கார்டுகள் சூடு எல்லையை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் நின்றுவிடும். குளிர்ந்த பிறகு கார்டு மீண்டும் ஒழுங்காக இயங்கியது. ஆகவே அது சாகவில்லை, மூச்சுத் திணறுகின்றது என்றே எனக்குத் தோன்றியது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். எங்கள் கார்டு 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த வகை. 75 வாட் வரை மின்சாரம் வாங்கும். அதன் சில்லின் பரப்போ 132 சதுர மில்லிமீட்டர். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. சில்லு மட்டும் 50 வாட் வெப்பம் தருகின்றது என்று கொண்டாலும், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 38 வாட் ஆகின்றது. 200 சதுர சென்டிமீட்டர் அடிப்பரப்புள்ள 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு இது 5 வாட்தான்! இவ்வளவு வெப்பமும் சில்லிலிருந்து உலோகக் கட்டிக்கும், அதிலிருந்து மெல்லிய தகடுகளுக்கும், பின்னர் விசிறிக் காற்றுக்கும் போய்ச் சேரவேண்டும். எங்கோ வழி அடைபட்டிருக்கின்றது.

மறுநாள் காலை மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடலிலிருக்கும் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, கார்டைக் கழற்றினேன். அருகில் அமர்ந்திருந்த அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மிணி, இது நம்ம ரேடியேட்டரேதான். தண்ணிக்குப் பதிலாக் காத்து" என்றார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அவர். விசிறியைக் கழற்றச் சொன்னதும் அவரே. மேலே துடைத்த பளபளப்பு. கீழே தகடுகளின் வாயில் தூசி கம்பளித் துணி போல் படிந்து கிடந்தது. (தூசி படியக்கூடாதென்று அம்மா பழைய சேலையால் பெட்டியைப் போர்த்தி வைப்பது வழக்கம். அப்போர்வை காற்றைத்தான் தடுத்தது, தூசியைத் தடுக்கவில்லை.) ரேடியேட்டரில் அடைத்த வைக்கோலையும் பூச்சியையும் காற்று வந்த திசைக்கு எதிராக ஊதித்தான் எடுப்பார்களாம். அப்படியே எதிர்ப்புறமிருந்து ஊதினோம். திருகாணிகளைக் குறுக்குக்கு மாற்றிக் குறுக்காகத் தளர்த்தச் சொன்னதும் அவருடைய எஞ்சின் அனுபவந்தான்.

உலோகக் கட்டியைத் தூக்கியபோது, சில்லின்மேல் இருந்த வெப்பப் பசை காய்ந்து சுண்ணாம்புப் பொருக்காகியிருந்தது. செல்போன் கடையில் வாங்கிய ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் அதைத் துடைத்தெடுத்தேன். புதுப் பசைக் குழாயின் விலை 250 ரூபாய்.

"இவ்வளவு விலை கொடுத்தது, நல்லா நிறையப் பூசு" என்றாள் அக்கா. அங்கேதான் நம் ஆய்வகம் துணைக்கு வந்தது. முதலாண்டுச் செய்முறையில் 'லீயின் தட்டு' சோதனை செய்தோம் அல்லவா? (அவர் சார்லஸ் லீஸ், நம் பதிவேடுகளில் எப்படியோ லீ ஆகிவிட்டார்.) அரிதிற்கடத்தியை மெல்லிய தட்டாக எடுத்தால்தான் வெப்பம் அளக்கக்கூடிய அளவுக்குக் கடந்து செல்லும். தாமிரத்தின் வெப்பக் கடத்துத்திறன் ஏறத்தாழ 400, காற்றுக்கு 0.026. எங்கள் பசைக்குழாயில் அச்சிட்டிருந்த எண் வெறும் 5! பசை என்பது நற்கடத்தி அன்று. வழவழப்பாகத் தோன்றும் இரு உலோகப் பரப்புகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அவற்றில் ஒளிந்திருக்கும் காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்காருவதே அதன் வேலை. தடித்துவிட்டால் அதுவே ஒரு சுவர். எனவே ஓர் அரிசி அளவு மட்டும் வைத்து, கட்டியை அழுத்தித் திருகினேன்.

பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். சேலையை அம்மாவே எடுத்து மடித்து வைத்துவிட்டார். சும்மா இருக்கையில் 43 டிகிரி. ஆல்பத்தில் ஒரு மணி நேரம் அக்கா வேலை செய்தபின் 72. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அறையே 37 டிகிரி இருந்த நாள் அது. மாலை வரை திரை இருளவில்லை. மூன்று ஆல்பங்களும் நாள் தவறாமல் சேலத்து அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தோடு காதிலேயே இருக்கின்றது.

செய்தி தெருவில் பரவிற்று. இதுவரை மூன்று பேர் தம் கணிப்பொறியைக் கொண்டுவந்தனர். இரண்டு தேறிவிட்டன. மூன்றாவதில் தூசியே இல்லை, வெப்பநிலையும் குறைவு, ஆனால் கோடுகள் போகவில்லை. சில்லே பழுதாகியிருக்க வேண்டும், பசை மாற்றிப் பயனில்லை என்று சொல்லி, கார்டைப் பூட்டித் திருப்பிக் கொடுத்தேன். கொண்டுவந்த பெரியவர் ஐம்பது ரூபாயை நீட்டினார். அக்கா வாங்க விடவில்லை.