சென்னைக்கு அக்கா இந்த ஊர்! - பழவேற்காட்டில் ஒரு நாள்

காலை ஆறு மணி. ஏரிக்கரையில் ஃபைபர் படகுகள் ஒவ்வொன்றாக வந்து ஒதுங்குகின்றன. வலையிலிருந்து இறால் உதிர்கிறது. சணல் கயிற்றில் கால் கட்டப்பட்ட பச்சை நண்டுகள் கூடைக்குள் குறுகுறுவென்று அசைகின்றன. "நண்டு கிலோ எவ்ளோக்கா?" என்று சென்னையிலிருந்து வந்தவர் கேட்டு முடிப்பதற்குள் பாதிக் கூடை வியாபாரிகளிடம் போய்விடுகிறது. ஐஸ் பெட்டிகள் நிறைகின்றன. ஒரு மணி நேரத்தில் கரை காலியாகிவிடும்.

இது பழவேற்காடு. சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில், திருவள்ளூர் மாவட்டத்தின் கடைக்கோடியில் இருக்கும் மீனவ ஊர். நண்டு வாங்கவும் பூநாரை பார்க்கவும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வரிசை கட்டும். வந்தவர்களில் சிலர், "இங்க டச்சுக் கோட்டை இருக்காமே, எங்கே?" என்று கேட்பார்கள். ஊர்க்காரர்கள் கை நீட்டும் திசையில் ஒரு முள்புதர் மேடுதான் இருக்கும்.

அந்தப் புதர் மேட்டுக்குத்தான் ஒரு காலத்தில் ஆசியாவின் பாதித் துறைமுகங்களோடு தொடர்பு இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

கோட்டை போனது... பெயர் நின்றது!

16-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியர்கள் பழவேற்காட்டுக்கு வந்துவிட்டார்கள். அதற்கு முன்பே அரபு வணிகர்களுக்கும் விஜயநகர அரசுக்கும் பழக்கமான துறைமுகம் இது. உள்ளே அமைதியான ஏரி, வெளியே கடல், இரண்டையும் இணைக்கும் முகத்துவாரம். பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, சிறிய படகுகள் சரக்கை ஏரி வழியாக ஊருக்குள் கொண்டுவரும். புயலுக்குப் பயந்து ஒதுங்கவும் இடம் உண்டு.

அடுத்து வந்தவர்கள் டச்சுக்காரர்கள். அன்றைய விஜயநகர மன்னர் இரண்டாம் வெங்கடரின் அனுமதியோடு இங்கே பண்டகசாலை வைத்தார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துகீசியர்கள் 1612-ல் படையெடுத்து வந்து அதை நாசம் செய்தார்கள். அடுத்த ஆண்டே, 1613-ல், டச்சுக்காரர்கள் கோட்டையே கட்டிவிட்டார்கள். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் நினைவாக அதற்கு 'கெல்ட்ரியா' என்று பெயர்.

இங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. ஆங்கிலேயர்களும் பழவேற்காட்டில் கால் பதிக்க முயன்று, டச்சுக்காரர்களோடு ஒத்துப்போக முடியாமல் வெளியேறினார்கள். வடக்கே ஆர்மகான் என்ற துர்கராஜப்பட்டினத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அதுவும் சரிவரவில்லை. கடைசியாக 1639-ல் தெற்கே ஒரு மணல் திட்டை வாங்கினார்கள். அதுதான் மதராஸ்! பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் சென்னை என்ற மாநகரமே வேறு மாதிரி ஆகியிருக்கலாம். புனித ஜார்ஜ் கோட்டையைவிட கெல்ட்ரியாவுக்குச் சுமார் 27 வயது அதிகம். அந்த வகையில் பழவேற்காடு, சென்னைக்கு அக்கா.

1690-ல் டச்சுக்காரர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1781-ல் நாகப்பட்டினம் ஆங்கிலேயரிடம் போனதும் பழவேற்காட்டுக்கே திரும்பினார்கள். 1795-ல் இதுவும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கோட்டையைத் தகர்த்தார்கள். 1824-ல் ஏற்பட்ட ஆங்கிலேய-டச்சு ஒப்பந்தத்தின்படி, 1825-ல் ஊர் முழுமையாக ஆங்கிலேயருக்குச் சொந்தமானது.

கோட்டை இல்லை. ஆனால், பக்கத்து மீனவக் கிராமத்தின் பெயர் இன்றும் கோட்டைக்குப்பம்!

எலும்புக்கூடுகள் காவல் காக்கும் கல்லறை

கோட்டை மேட்டுக்கு எதிரே இருக்கிறது டச்சுக் கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். வாசல் வளைவின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. கூட வந்த குட்டீஸ் முதலில் மிரள்வார்கள். பிறகு அதன் பக்கத்தில் நின்றுதான் போட்டோ எடுக்கச் சொல்வார்கள்.

உள்ளே போனால் சத்தம் அடங்கிவிடும். பெரிய பெரிய கற்பலகைகளில் டச்சு மொழி எழுத்துகள், குடும்பச் சின்னங்கள். கோபுரம்போல எழும்பிய சில நினைவு மண்டபங்கள். பல மாதங்கள் கப்பலில் பயணம் செய்து வந்து, இந்த வெயிலிலும் காய்ச்சலிலும் இறந்துபோன வணிகர்கள், அதிகாரிகள், அவர்களின் மனைவிகள், குழந்தைகள் இங்கே படுத்திருக்கிறார்கள்.

ஆனால், கல்லறை இல்லாதவர்களும் உண்டு. பழவேற்காட்டிலிருந்து கப்பலேறியது துணியும் வெடிமருந்தும் மட்டுமல்ல. 17-ம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்ட மனிதர்களும்தான். ஆயிரக்கணக்கானவர்கள் அடிமைகளாக பத்தேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களின் பெயரைச் சொல்ல இந்த ஊரில் ஒரு கல்கூடக் கிடையாது. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பவர்கள் அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.

மலேசியா வரை போன கைலி

டச்சுக்காரர்கள் இந்த ஊருக்காகச் சண்டை போட்டதற்கு முக்கியக் காரணம், துணி. சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணிகளுக்கும், சாயம் தீட்டிய துணிகளுக்கும் தென்கிழக்கு ஆசியாவில் அத்தனை கிராக்கி. அங்கே இந்தத் துணியைக் கொடுத்து மிளகு, ஜாதிக்காய், கிராம்பு வாங்குவார்கள். அந்த மசாலா ஐரோப்பாவுக்குப் போகும். பழவேற்காட்டிலேயே டச்சுக் கம்பெனி நாணயங்களும் அச்சடிக்கப்பட்டன.

இன்றும் மலேசியாவில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு 'கைன் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது வேறொன்றுமில்லை, புலிகாட். ஆங்கிலத்தில் பழவேற்காட்டின் பெயர்தான் அது. கோலாலம்பூரில் துணிக்கடை வைத்திருப்பவருக்கும் அதைக் கட்டிக்கொண்டு டீ குடிப்பவருக்கும் இந்த மீனவ ஊர் தெரியாமல் இருக்கலாம். அதன் பெயரை மட்டும் அவர்கள் தினமும் இடுப்பில் கட்டுகிறார்கள்.

நடந்தே பார்க்கலாம்

ஊருக்குள் வண்டியை ஓரம்கட்டிவிட்டு நடப்பதுதான் நல்லது. சிறிய தூரத்துக்குள் பல நூற்றாண்டுகளைத் தாண்டலாம்.

* மகிமை மாதா ஆலயம்: 1515-ல் போர்த்துகீசியர் எழுப்பியதாகச் சொல்லப்படும் தேவாலயம். இன்று இருப்பது புதிய கட்டடம்.

* ஆதிநாராயணப் பெருமாள் கோயில்: விஜயநகர காலத்தைச் சேர்ந்தது. செம்பூராங்கல்லால் கட்டியது. சிறிய சிறிய சிற்பங்களாக ராமாயணக் காட்சிகள் இருக்கும். பொறுமையாகத் தேடிப் பார்க்க வேண்டும்.

* சின்னப் பள்ளிவாசல்: தொழுகை நேரத்தைக் கணிக்க 1914-ல் அமைத்த சூரியக் கடிகாரம் இங்கே இருக்கிறது. கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது குழந்தைகளுக்கு நல்ல விளையாட்டு.

* பனையோலைப் பொருள்கள்: இங்குள்ள இஸ்லாமியப் பெண்கள் பனையோலையில் கூடை, பெட்டி பின்னுவதில் கைதேர்ந்தவர்கள். பழவேற்காட்டிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்ல இதைவிட நல்ல நினைவுப் பொருள் இல்லை.

* லைட்ஹவுஸ் குப்பம்: பாலத்தைத் தாண்டினால் கலங்கரை விளக்கமும் கடற்கரையும். ஒரு பக்கம் அமைதியான ஏரி, இன்னொரு பக்கம் அலையடிக்கும் வங்கக்கடல்.

பூநாரைகளின் விருந்து

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா தீவுதான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் மதில்போல நிற்கிறது. ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டுக் கரையிலிருந்தே அது நெருப்புக் கோடாக எழுவதைப் பார்க்கலாம். வேடிக்கை பார்க்க வருபவர்களுக்கு அது திருவிழா. கடலுக்குப் போகக் கூடாது என்ற அறிவிப்பு வருவதால், மீனவர்களுக்கு அது வேலையில்லாத நாள்.

இவ்வளவு பெரிய ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். நீண்ட கால்கொண்ட பூநாரைகளுக்கு அதுவே வசதி. அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, சேற்றை அலசி, பாசியையும் சின்னஞ்சிறு உயிர்களையும் வடிகட்டித் தின்னும். அந்த உணவிலிருந்துதான் இளஞ்சிவப்பு நிறமே கிடைக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அண்ணாமலைச்சேரி பக்கம் காலை நேரத்தில் போனால், தூரத்தில் ரோஸ் நிறக் கோடுபோலத் தெரியும். கூழைக்கடாக்களும் செங்கால் நாரைகளும் துணைக்கு இருக்கும். பைனாகுலர் அவசியம். கிட்டே போய்ப் பறக்கவிட்டு வீடியோ எடுப்பது வேண்டாமே.

இன்று யாருடைய 'பாடு'?

ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்தவர் வலை போட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இறால் அதிகம் ஓடும் இடங்களைப் பிரித்து, இன்று யார், நாளை யார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்ச் சேராது. இன்று குறைவாகக் கிடைத்தவருக்கு வேறொரு நாள் முறை வரும். எந்த அரசாங்கமும் எழுதித் தராத சட்டம் இது.

வலையும் படகும் இல்லாத இருளர் மக்கள் வேறு விதம். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் 'பறி' ஒன்றைப் பல்லில் கடித்துக்கொள்வதும் உண்டு.

இவர்கள் எல்லோருடைய சாப்பாடும் ஒரே இடத்தை நம்பியிருக்கிறது. அதுதான் முகத்துவாரம். கடலில் பிறக்கும் இறால் குஞ்சுகள் அந்த வழியாகத்தான் ஏரிக்குள் வந்து வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகின்றன. கடலுக்குப் போகும் படகுகளுக்கும் அதுதான் வாசல். கோடையில் ஆற்று நீர் குறையும்போது, கடல் கொண்டுவந்து தள்ளும் மணல் அந்த வாசலை அடைத்துவிடுகிறது. அப்போது படகுகள் தரைதட்டும், சில நேரம் கவிழும். ஏரி நீரின் உப்பு அளவு மாறி, மீன்வரத்தும் குறையும்.

தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்காகக் கடலுக்குள் நீட்டிய கட்டுமானங்கள் மணல் ஓட்டத்தையே மாற்றி, கரையை அரிக்கின்றன என்பது மீனவர்களின் நீண்ட நாள் குற்றச்சாட்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை அவர்கள் தொடர்ந்து எதிர்த்துவருவதற்கும் அதுவே காரணம். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க, இருபக்கமும் கல் கொட்டித் தடுப்புச் சுவர் அமைக்கும் பணியை மீன்வளத்துறை மேற்கொண்டது.

400 ஆண்டுகளுக்கு முன்பு டச்சுக்காரர்களை இங்கே இழுத்ததும் இதே வாசல்தான். கோட்டை விழுந்தபிறகும் ஊர் விழவில்லை. ஆனால், இந்த வாசல் மூடினால் ஊர் தாங்காது.

மறக்கக் கூடாத ஒரு கிறிஸ்துமஸ்

2011 டிசம்பர் 25. விடுமுறையைக் கொண்டாட வந்த குடும்பத்தினர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். படகில் அளவுக்கு அதிகமான ஆட்கள், லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன்பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆழம் குறைவுதானே என்று தோன்றும். ஆனால், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டத்தின் வேகம் வேறு. "காசு கூடத் தர்றோம்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க" என்று மீனவர்களை வற்புறுத்துவது அவர்களுக்கும் ஆபத்து, குடும்பத்துக்கும் ஆபத்து. அனுமதியும் லைஃப் ஜாக்கெட்டும் இல்லாத படகில் ஏறவே வேண்டாம்.

எப்படிப் போகலாம்?

* ரயில்: சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஏறி பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு.

* எப்போது: நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அதிகாலையில் கிளம்பினால் மீன் ஏலம், பறவைகள் இரண்டையும் பார்த்துவிடலாம்.

* கையில் இருக்க வேண்டியவை: குடிநீர், தொப்பி, பைனாகுலர், மீன் வாங்குவதாக இருந்தால் ஐஸ் பெட்டி.

* கவனம்: கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்துவர வேண்டும். ஏரியில் வீசினால் அது மீனவர் வலையில்தான் சிக்கும்.

மாலை வெயில் சாயும்போது பாலத்தின்மேல் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மறுநாள் முறைக்காக யாரோ ஒருவர் கரையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். பழவேற்காட்டின் பழைய கோட்டை புதருக்குள் போய்விட்டது. இந்த ஊர் இன்னும் நிற்பது அந்த வலையின் பலத்தில்தான்.