விட்டுவைத்த பிழைகள்

வீடியோ கேமில் எதிரிகள் குறையக் குறைய ஆட்டம் சூடுபிடிக்கும். பையனாக இருந்தபோது, இயந்திரத்துக்குக் கோபம் வந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்வேன். அந்தக் கோபத்தின் கதை பின்னாளில்தான் தெரிந்தது.

1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தை உருவாக்கினார். திரையில் 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசைகட்டி இறங்குவார்கள். அத்தனை உருவங்களையும் நகர்த்த அன்றைய சிப் திணறியது. படை ஊர்ந்துதான் வந்தது. சுட்டு வீழ்த்த வீழ்த்த சிப்புக்குச் சுமை குறைந்து, மிஞ்சியவை வேகமெடுத்தன. கடைசி ஆள் தலைதெறிக்க ஓடினான். நிஷிகாடோ அதைத் திருத்தப் போகவில்லை. ஜெயிக்கப்போகும் நேரத்தில் நெஞ்சு படபடப்பதுதான் ஆட்டத்தின் ருசி என்று கண்டுகொண்டார். போகப்போகக் கடினமாகும் ஆட்டம் என்ற வழக்கம் உலகமெங்கும் பரவியதில் அந்தத் திணறலுக்குப் பெரும்பங்கு உண்டு.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்து வீடியோ கேம் கடைகளில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ முன்னால்தான் கூட்டம் அம்மும். எதிராளி மூச்சுவிடுவதற்குள் மூன்று நான்கு அடியைக் கோத்து இறக்கும் அண்ணன்களை வாய்பிளந்து பார்ப்போம். இந்தக் ‘காம்போ’வும் திட்டமிட்டு வந்ததல்ல. 1991இல் அந்த ஆட்டம் தயாரானபோது, காரை உடைக்கும் போனஸ் சுற்றைச் சோதித்த நோரிடாக்கா ஃபுனமிசு, ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இன்னொன்றைச் செருக முடிவதைக் கவனித்தார். அந்த நொடியைப் பிடிப்பது யாருக்கும் எளிதல்ல, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டார். ஆடியவர்கள் விடவில்லை; பிடித்துப் பழகிவிட்டார்கள். 1993இல் வந்த ‘சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ அந்த அடிகளை எண்ணித் திரையிலேயே காட்டியது. ஒளிந்திருந்தது சட்டமாகிவிட்டது.

கோனாமி நிறுவனத்தின் கஸுஹிசா ஹாஷிமோட்டோ கதை இன்னும் வேடிக்கை. ‘கிரேடியஸ்’ ஆட்டத்தை 1986இல் வீட்டு இயந்திரத்துக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கவே அவருக்கு அது கடினமாக இருந்தது. மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அமுக்கினால் ஆயுதங்கள் எல்லாம் கைக்கு வரும்படி தனக்கொரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அது நீக்கப்படாமலேயே ஆட்டம் கடைக்குப் போயிற்று. ஆனாலும் அதை ஊரறியச் செய்தது ‘கான்ட்ரா’தான். அதில் இதே பொத்தான்கள் 30 உயிர் தந்தன. பெரியப்பா மகன் அதை என் காதில் ஓதியபோது, மந்திரம் பெற்ற மாதிரி இருந்தது எனக்கு.

பிழையெல்லாம் வரமாகிவிடாது. ‘பேக்-மேன்’ ஆட்டத்தின் 256ஆம் சுற்றில் எண்ணிக்கை நிரம்பி வழிந்து, பாதித் திரை குப்பையாகிவிடும். அதைத் தாண்ட வழியே இல்லை. அந்தப் பிழை கதவைச் சாத்தியது. மற்ற மூன்றும் ஆடுபவர் கையில் புதிதாக ஒன்றைக் கொடுத்தன.

இப்படிப்பட்ட வித்தைகளை முதலில் கண்டுபிடித்தது யார் என்று நண்பர்கள் சண்டை போடும்போது எனக்கு அதில் அக்கறை இருப்பதில்லை. பிழை யாருக்கும் வரும். அதை ஆடிப் பார்த்து, இது இருக்கட்டும் என்று சொல்லத் தெரிந்தவரையும், இருந்ததைத் தோண்டியெடுத்துப் பழகிய கடைத்தெருப் பையன்களையும்தான் நான் படைப்பாளிகள் என்பேன்.